கிள்ளானில் மூன்றாவது ஆட்டம்

கிள்ளான் ஆட்டத்துக்குப் பிறகு நான் குஸ்தி பார்க்கப் போகவில்லை. பத்திரிகை ஆசிரியர் ஆள் அனுப்பிப் பார்த்தார். தலைவலி என்று சொல்லிவிட்டேன். பிறகு அவரே வீட்டுக்கு வந்து காப்பி குடித்தார். குஸ்தியைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், இந்த வருஷம் மழை அதிகம் என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்கும் புரிந்துவிட்டது.

நான் ரயில்வேயில் கிராணி, ஊர்ப்பக்கம் சொல்கிற குமாஸ்தா. பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவாட்டர்ஸில் குடியிருக்கிறோம், நானும் மனைவியும் ஒரே மகனும். கோலாலம்பூரில் விளையாட்டுப் பூங்கா ஒன்று திறந்து, ஒரு சீனத் தவுக்கே, அதாவது முதலாளி, அதில் சனிக்கிழமை சாயங்காலங்களில் குஸ்தி நடத்த ஆரம்பித்தபோது, ஆசிரியர் என்னிடம் வந்தார்.

"இங்கிலீஷ் பேப்பர்ல எல்லாம் வருது. நம்ம பேப்பர்ல ஒண்ணும் இல்லையேன்னு கடைக்காரங்க கேக்குறாங்க. நீங்க போய்ப் பாத்து எழுதுங்களேன். உங்களுக்கு இங்கிலீஷ் வரும், வெள்ளைக்காரப் பயில்வான் ஏதாவது சொன்னாலும் புரியும்."

"எனக்குக் குஸ்தியப் பத்தி என்னங்க தெரியும்?"

"தெரியாதவங்களுக்குத்தானே எழுதப் போறீங்க."

இப்படித்தான் தொடங்கியது. மூன்றாவது வரிசையில் ஓரத்து நாற்காலி எனக்கு. முதல் வரிசையில் உட்கார்ந்தால் மேலே வியர்வை தெறிக்கும். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. பின்னால் போனால் உருவம் தெரியும், முகம் தெரியாது. முதல் ஆட்டத்தில் புதுப் பையன்களை விடுவார்கள். இரண்டாவது சிரிப்பதற்கு. மூன்றாவதிலும் கடைசியிலும்தான் ஜனம் நாற்காலியை விட்டு எழும். நான் ஒவ்வொன்றையும் பார்த்து, யார் யாரைப் பிடித்தார், எந்தப் பிடியில் திணறினார், எப்படி விடுபட்டார் என்று எழுதிக் கொடுப்பேன். திங்கட்கிழமை அச்சில் வரும். முடிதிருத்தும் கடையில் எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் அதை உரக்க வாசிக்க, பாதி சவரம் செய்த முகத்தோடு மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருப்பதை நான் தெருவில் போகும்போது பார்த்திருக்கிறேன். அந்தப் பெருமை எனக்கு இருந்தது.

சில மாதங்களிலேயே விஷயம் பிடிபட்டது. குத்து விழும் அதே நொடியில் குத்துகிறவன் காலால் மேடையை உதைப்பான். கித்தானுக்கு அடியில் வெறும் பலகைதான், அது இடி மாதிரி முழங்கும். ஒருவன் இன்னொருவன் தலையைக் கக்கத்தில் இடுக்கும்போது இரண்டு முகமும் ஒட்டியிருக்கும். அடுத்து என்ன என்பதை அப்போதுதான் காதோடு சொல்லிக்கொள்வார்கள். யார் வெல்வது என்பது சாயங்காலத்துக்கு முன்பே முடிவாகியிருக்கும். எனக்கு இது தெரியும். ஆசிரியருக்கும் தெரியும். எங்களுக்குத் தெரியும் என்பது தவுக்கேவுக்கும் தெரியும். ஆனால் அச்சில் சொல்லக் கூடாது. குஸ்தியைப் பற்றி எழுதுகிறவர்கள் எந்த மொழியில் எழுதினாலும் அந்த ஒரு கட்டுப்பாட்டை மீறியதில்லை. முடிதிருத்தும் கடையில் கேட்டுக்கொண்டிருக்கிறவனுக்கு அது சண்டை. அதைக் கெடுக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

எல்லாம் பேசி வைத்ததுதான் என்று நான் நிம்மதியாக எழுதிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு சம்பவம் நடந்தது. சீக்கியப் பயில்வான் ஒருவர், இங்கே எல்லோரும் வங்காளி என்றுதான் சொல்வார்கள், கயிற்றின் மேலிருந்து பின்பக்கமாக விழுந்தார். அதுவும் ஏற்பாடு என்று நினைத்து நாங்கள் கைதட்டினோம். நானும் தட்டினேன். அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. தூங்குகிறவர் மாதிரி இருந்தார். கால்விரல்கள் மட்டும் கரையில் எடுத்துப் போட்ட மீனின் வால் போலத் துடித்துக்கொண்டிருந்தன. கழுத்தெலும்பு போய்விட்டது. அவரைப் படுத்த படுக்கையாகக் கப்பலில் ஊருக்கு அனுப்பினார்கள்.

அந்த வாரம் நான் எழுதினேன்: முகம் வலியை மறைக்கும், கால்விரல் மறைக்காது. அந்த வரியைப் பலர் பாராட்டினார்கள். ரயிலடியில் முன்பின் தெரியாத ஒருவர் என்னை நிறுத்தி அதைச் சொல்லிக்காட்டினார்.

மகன் செந்தூல் ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். இரும்போடு இரும்பாகப் புரண்டு தோள் அகன்றிருந்தது. வேலை முடிந்து நேராக வீட்டுக்கு வருவதில்லை என்பதை நான் கவனித்தேன். சினேகிதர்களோடு காப்பிக்கடையில் இருப்பான் என்று நினைத்தேன். ஒருநாள் சாப்பிடும்போது மனைவி ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னாள்:

"உங்க புள்ள குஸ்தி போடப் போறானாம். உங்ககிட்ட நான் சொல்லணுமாம்."

அவன் எனக்கு எதிரில்தான் உட்கார்ந்திருந்தான். தட்டை விட்டுத் தலையை எடுக்கவில்லை.

"எங்க?" என்றேன்.

"நீங்க எழுதுவீங்களே, அங்கதான்" என்று அவளே சொன்னாள்.

எனக்கு அந்த வங்காளியின் கால்தான் கண்முன் வந்தது. கழுத்து, முதுகு, நரம்பு என்று நான் வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். அவன் பொறுமையாகக் கேட்டான்.

"எல்லாம் பேசி வச்சதுதானேப்பா. உங்களுக்குத் தெரியாததா?"

"வங்காளிக்கும் பேசித்தான் வச்சிருந்தாங்க."

அந்தச் சனிக்கிழமையே முதல் ஆட்டத்தில் அவன் வந்து நின்றான். பென்சிலை வைத்துக்கொண்டு நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். அவன் என் பக்கம் திரும்பவே இல்லை.

பல வாரங்கள் முதல் ஆட்டத்தில் ஆடினான். நான் எழுதியது எப்போதும் ஒரே வரிதான். சொந்த மகன் என்பதால் அதிகமாக எழுதிவிடுவோமோ என்ற கூச்சம் ஒரு பக்கம். நன்றாக எழுதினால் இன்னும் ஆடுவானே என்ற பயம் மறுபக்கம். இரண்டாவதுதான் பெரிய காரணம் என்று இப்போது தோன்றுகிறது.

அவன் விடவில்லை. "மத்தவங்களுக்குப் பத்து வரி, பன்னண்டு வரி. எனக்கு ஒரு வரி. அதுலயும் பாதி என்கூட ஆடுனவனப் பத்தி" என்றான்.

"எழுதுறதுக்கு என்ன இருக்கு?"

"ஏன், என்ன குறை?"

நான் அப்போது தகப்பனாகப் பேசியிருக்கலாம். விமர்சகனாகப் பேசினேன். "நீ அடி வாங்குனவன் மாதிரியே இல்லடா. கையை முறுக்குறாங்க, நீ பசியாறப் போறவன் மாதிரி நிக்கிற. வலி தெரியல. வலி தெரியலைன்னா ஜனத்துக்கு உன்மேல எப்படி இரக்கம் வரும்?"

அவன் யோசித்தான். "சரிப்பா" என்றான். மனைவி அடுப்படியிலிருந்து, "வலி தெரியாம இருந்தா நல்லதுதானே, அதுக்கு ஏன் இவ்வளவு பேச்சு?" என்று கேட்டாள். நாங்கள் இருவருமே சிரித்தோம்.

இந்தச் சமயத்தில்தான் தவுக்கே தன் பயில்வான்களைக் கூட்டிக்கொண்டு சிங்கப்பூர், பினாங்கு, அங்கிருந்து ரங்கூன் வரை போக ஏற்பாடு செய்தார். தமிழ் ஜனம் இருக்கிற ஊர்கள். வெள்ளைக்கார ராட்சசனிடம் அகப்பட்டுத் திணறி, ஜனத்தை அழவைத்து, கடைசியில் துள்ளி எழுகிற ஒரு தமிழ்ப் பையன் அவருக்குத் தேவைப்பட்டான். என் மகனையும் பினாங்கிலிருந்து வந்த இன்னொருவனையும் பார்த்து வைத்திருந்தார். கிள்ளானில் ஞாயிற்றுக்கிழமை மாலை ஒரு காட்சி. அதில் மூன்றாவது ஆட்டம் மகனுக்கு. ஜனம் எழுந்து நின்றால் அவன் ரயிலேறுவான், இல்லையென்றால் பினாங்குக்காரன்.

"அந்த ஒரு ஆட்டம்தான்பா. ஒர்க்‌ஷாப்ல சாகுற வரைக்கும் ஆணி முடுக்க என்னால முடியாது" என்றான்.

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் போயிருப்பான். அவனோடு ஒரே ரயிலில் கிள்ளானுக்குப் போனேன். புறப்படும்போது மனைவி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அங்க போய்க் கண்ண மூடிக்காதீங்க. எனக்கு ஒவ்வொண்ணா வந்து சொல்லணும்" என்றாள்.

தகரக் கூரை போட்ட பெரிய கொட்டகை. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள், சுற்று வட்டாரத் தோட்டங்களிலிருந்து லோரியில் வந்தவர்கள், கடைச் சிப்பந்திகள் என்று கூட்டம் நெருக்கியடித்தது. வழக்கம்போல மூன்றாவது வரிசை ஓரத்தில் இடம் கிடைத்தது. பக்கத்தில் இருந்த பருமனான மனிதர் கச்சாங் பொட்டலத்தை நீட்டி, "எடுத்துக்குங்க அண்ணே. நம்ம பையன் ஒருத்தன் ஆடுறானாம்லா, செந்தூல் பையன்" என்றார். நான் நாலு கடலையை எடுத்துக்கொண்டேன். என் பையன்தான் என்று சொல்லவில்லை.

முதல் ஆட்டம் இரண்டு சீன வாலிபர்கள். சுறுசுறுப்பாக இருந்தார்கள், விழுவதில் அழகு இருந்தது, பிடியில் சரக்கு இல்லை. இரண்டாவதில் ஒரு குள்ளமான மலாய்க்காரர் தன்னைவிட இருமடங்கு உயரமானவனின் கால்களுக்கு நடுவே புகுந்து புகுந்து ஓடினார். கூட்டம் வயிறு வலிக்கச் சிரித்தது. இது இரண்டையும் நான் எழுதிக்கொண்டேன். மூன்றாவது ஆட்டத்துக்கு மணி அடித்தபோது பென்சிலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

வெள்ளைக்காரப் பயில்வான் கதவு மாதிரி இருந்தான். மகன் அவன் மார்பளவுதான். தொடக்கத்தில் மகன் வழுக்கி வழுக்கித் தப்பினான். கூட்டம் ஒவ்வொரு தடவையும் ஆரவாரித்தது. பிறகு அகப்பட்டான். ராட்சசன் அவனைக் குப்புறத் தள்ளி, முதுகில் முழங்காலை ஊன்றி, இரண்டு கையாலும் மோவாயைப் பிடித்துத் தலையைப் பின்னால் வளைத்தான். இந்தப் பிடியை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பிடிக்கிறவன் கைக்குள்ளே இடைவெளி விட்டிருப்பான் என்பதும் எனக்குத் தெரியும். மகனின் முகம் சிவந்தது, வாய் கோணியது. பரவாயில்லையே, கற்றுக்கொண்டிருக்கிறான் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன்.

அப்புறம் அவன் முகம் அமைதியாகிவிட்டது. கண் பாதி மூடியது. கை பொத்தென்று விழுந்தது. நான் அவன் காலைப் பார்த்தேன்.

விரல்கள் துடித்துக்கொண்டிருந்தன.

அதற்குப் பிறகு நடந்ததை நானே செய்தேன் என்று இன்றும் நம்ப முடியவில்லை. இரண்டு வரிசை நாற்காலிகளை எப்படித் தாண்டினேன் என்று தெரியாது. மேடை விளிம்பில் ஏறிக் கயிற்றுக்கு ஊடே உடம்பை நுழைத்து, நடுவரின் காலைப் பிடித்துக்கொண்டேன். "நிறுத்துங்க! கழுத்து போச்சு! என் மகன்!" என்று கத்தினேன். பிறகு ஆங்கிலத்திலும் கத்தினேன். வெள்ளைக்காரன் மிரண்டு பிடியை விட்டுவிட்டான். அந்தப் பெரிய முகத்தில் அவ்வளவு பயத்தை நான் எதிர்பார்க்கவில்லை. நடுவர் தன் காலை உதறினார்.

கித்தானில் கன்னத்தை வைத்துக் கிடந்த மகன் ஒரு கண்ணை மட்டும் திறந்தான்.

"அப்பா" என்றான், உதடு அசையாமல். "போங்கப்பா. போய் உக்காருங்க."

அப்புறம் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"டேய், அப்பாரு வந்துட்டாருடா!"

"பால் புட்டி கொண்டாந்திருக்காரா பாரு!"

"ஐயா, வெள்ளைக்காரனுக்கும் ரெண்டு போட்டுட்டு எறங்குங்க!"

சிரிப்பு தகரக் கூரையில் மோதித் திரும்பி வந்தது. இரண்டாவது ஆட்டத்துக்குச் சிரித்ததைவிட அதிகம். யாரோ இரண்டு பேர் என்னைக் கைத்தாங்கலாக இறக்கினார்கள். கச்சாங் கொடுத்தவர், "உக்காருங்க அண்ணே, ஒண்ணும் ஆகல, உக்காருங்க" என்று தோளைத் தட்டினார். அவர் சிரிக்காததுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஆட்டம் தொடர்ந்தது. ராட்சசன் மறுபடி பிடித்தான், மகன் திணறினான், துள்ளி எழுந்தான், பேசி வைத்தபடியே வென்றான். கயிற்றிலிருந்து எகிறி வந்து அவன் மோதியது கோலாலம்பூரில் பெரிய பயில்வான்களிடமும் நான் பார்க்காத அழகு. ஒருவரும் எழுந்து நிற்கவில்லை. அவன் வலியில் முகத்தைச் சுளித்தபோதெல்லாம், "அப்பாவக் கூப்பிடு, அப்பாவக் கூப்பிடு" என்று கத்தினார்கள்.

கொட்டகைக்குப் பின்னால் தவுக்கே தோட்டத்துத் தமிழில் பேசினார். கோபம் இல்லை. அதுதான் அவருடைய கடைசி முடிவு என்று எனக்குத் தெரிந்தது.

"கிராணி, நீ நல்ல அப்பாலா. எனக்கும் மகன் இருக்கு. ஆனா ஆளுங்க சிரிச்சாச்சு. இவன் மூஞ்சியப் பாத்தா இனிமே சிரிப்புத்தான் வரும். எனக்கு அழுகைதான் வேணும்."

"நான் இனிமே வரவே மாட்டேன் தவுக்கே. கோலாலம்பூரை விட்டுத் தாண்ட மாட்டேன். சிங்கப்பூர்ல யாருக்கு இது தெரியும்?"

"பேப்பர்காரன் எல்லாம் வந்திருக்கான். இங்கிலீஷ்காரன் சிரிச்சிக்கிட்டே எழுதிக்கிட்டுப் போறான். நீயே பேப்பர்காரன், உனக்குத் தெரியாதா?"

மகன் ஒரு தகர வாளியில் முகம் கழுவிக்கொண்டிருந்தான். கேட்டிருப்பான். திரும்பவில்லை.

திரும்பி வரும் ரயிலில் நாங்கள் அருகருகே உட்கார்ந்திருந்தோம். வெளிச்சம் இன்னும் இருந்தது. ரப்பர் மரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. நான், "கழுத்து வலிக்குதாடா?" என்று கேட்டேன்.

"இல்லப்பா."

"விரல் துடிச்சுதே."

அவன் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னான். "நீங்கதானே எழுதுனீங்க, கால்விரல் மறைக்காதுன்னு. வலி தெரியலைன்னும் நீங்கதான் சொன்னீங்க. அதான் பழகினேன். ஒர்க்‌ஷாப்ல கூட, சாப்பாட்டு நேரத்துல பூட்ஸைக் கழட்டி வச்சிட்டுப் பழகுவேன். மொகத்த சும்மா விட்டுட்டு விரல மட்டும் ஆட்டணும். ரொம்பக் கஷ்டம்."

நான் குனிந்து அவன் காலைப் பார்த்தேன்.

"ஒரு நிமிஷம் சந்தோஷமாத்தான் இருந்திச்சுப்பா" என்றான். "நீங்க எந்திரிச்சதப் பாத்தேன். உங்களையே நம்ப வச்சிட்டேன்னு. அப்புறம்தான் மேல ஏறி வர்றீங்கன்னு தெரிஞ்சிது."

என்னைச் சுற்றியிருந்த அத்தனை பேரும் வாயைப் பிளந்து முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விரலைப் பார்க்கத் தெரிந்தவன் அந்தக் கொட்டகையில் நான் ஒருவன்தான். அவனும் அதை எனக்காகத்தான் செய்தான். குஸ்தியைப் பற்றி ஒன்றுமே தெரியாத ஒரு தகப்பனாக நான் அங்கே உட்கார்ந்திருந்தால், பயந்திருப்பேன், கண்ணை மூடிக்கொண்டிருப்பேன். நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி அவன் கழுத்தைத்தான் முதலில் தடவிப் பார்த்தாள். என்ன நடந்தது என்று நான் சொன்னேன். அவள் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. "போகாம இருக்கிறதும் ஒருவிதத்துல நல்லதுதான்" என்று மெதுவாகச் சொன்னாள். அவன் காதில் விழக்கூடாது என்று நான் கையைக் காட்டினேன். ஆனால் அவள் சொன்னது என் மனதிலும் இருந்தது. அவன் கழுத்து முழுசாக, என் கண்ணெதிரில், சட்டைக்கு வெளியே இருந்தது. அதற்காக ஒரு நிம்மதி இருக்கத்தான் செய்தது. அந்த நிம்மதியை நினைத்துத்தான் இப்போது எனக்கு அதிகம் வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் ஆசிரியருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். உட்கார்ந்தேன். நான் பார்த்த ஆட்டங்களிலேயே தேர்ந்த நடிப்பு அது. அப்படித்தான் எழுத வேண்டும். ஆனால் நடிப்பு என்ற வார்த்தையை எழுதினால், குஸ்தி பேசி வைத்தது என்று அச்சில் சொன்னவன் ஆவேன். மகனே வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றான்.

"எழுதாதீங்கப்பா. எழுதுனா அவங்க எல்லார் பொழைப்பும் போயிடும்."

"நிஜமான வலின்னு எழுதட்டுமா?"

"அத யாருப்பா நம்புவாங்க இப்ப?"

முதல் இரண்டு ஆட்டங்களை விரிவாக எழுதினேன். மூன்றாவதைப் பற்றி, இடையில் சிறு தடங்கல் ஏற்பட்டது, செந்தூல் வாலிபர் வென்றார் என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன். ஆங்கிலப் பத்திரிகை அரைப் பத்தி எழுதி, மேலே வேடிக்கையாகத் தலைப்பும் போட்டிருந்தது. ஆபீசில் துரை அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துப் புன்னகை செய்தார்.

குழு சிங்கப்பூருக்குப் புறப்பட்ட காலை, மகன் அரைநாள் லீவு போட்டுவிட்டு ஸ்டேஷனுக்கு வந்தான். என்னிடம் சொல்லவில்லை. ஆபீஸ் மாடி ஜன்னலிலிருந்து தற்செயலாகத்தான் பார்த்தேன். வெள்ளைக்காரனின் டிரங்குப் பெட்டியை அவன்தான் தூக்கி வண்டியில் ஏற்றினான். பினாங்குப் பையன் புதுச் சட்டை போட்டிருந்தான். அவனிடம் எதையோ கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தான் என் மகன். எந்தப் பிடியைச் சொன்னானோ. வெள்ளைக்காரன் இவன் கையைப் பிடித்துக் குலுக்கினான். தவுக்கே வண்டிக்குள்ளிருந்தே தலையை அசைத்தார்.

ரயில் போய்விட்டது. வழியனுப்ப வந்தவர்கள் கலைந்தார்கள். அவன் மட்டும் பிளாட்பாரத்தில் நின்றான். கூலிகள் தள்ளுவண்டியோடு அவனைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

நான் படிக்கட்டு வரை வந்தேன். நாலு படி இறங்கினேன். அங்கேயே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கீழே போனால் என்ன சொல்வேன்? போகாமல் இருந்தால் அவன் என்ன நினைப்பான்? அவன் மேலே பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துச் செந்தூல் பக்கம் போகிற வண்டிக்காக அடுத்த பிளாட்பாரத்துக்கு நடந்தான். நான் மேலே போய் என் மேசையில் உட்கார்ந்தேன்.

இறங்கிப் போயிருக்க வேண்டும் என்று மனைவி சொல்கிறாள். எனக்குத் தெரியவில்லை.